குப்பை என்று தள்ளிய இருபத்தாறு அத்தியாயங்கள்

லேப்டாப்புக்குள்ளிருந்து அந்தச் சத்தம் வரத் தொடங்கியபோது அதை முதலில் கேட்டவள் என் மனைவி. எனக்கும் காது கேட்கும். ஆனால் நான் தட்டச்சு செய்கிறவன், என் விரல் சத்தத்தில் மற்றதெல்லாம் அடங்கிப் போகும். அவள்தான் பீன்ஸ் நறுக்குவதை நிறுத்திவிட்டு, "என்னங்க அது, பல்லி சொல்ற மாதிரி?" என்றாள்.

கையை எடுத்துவிட்டுக் கேட்டேன். டக். ஒரு இடைவெளி. டக், டக். ஐந்து தடவை சொல்லிவிட்டு நின்றது. திரையில் ஒரு நீல வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. நான் அடித்த கடைசி வரியைக் காணவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, போனால் போகிறது என்பதுபோல வந்து நின்றது.

அந்த லேப்டாப் பழையதுதான். அதற்காக அதைக் கேலி செய்ய யாருக்கும் உரிமை இல்லை. என் மகனுக்கு மட்டும் உரிமை இருப்பதாக அவன் நினைக்கிறான். போனில் சொன்னதும், "அப்பா, அதை மியூசியத்துக்குக் குடுத்துடுங்க. நான் புதுசு அனுப்பறேன்" என்றான். புதிதில் என் எழுத்துரு ஏறாது என்று அவனிடம் முன்பே நாலு முறை சொல்லியிருக்கிறேன். நாலு முறையும் "பார்த்துக்கலாம்" என்றான்.

எழுத்துரு விஷயத்தை இங்கே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் நடந்ததும் என் கோபமும் விளங்காது. நான் ஆம்பூரில் இளைஞனாக இருந்தபோது தமிழ்த் தட்டச்சு படித்தவன். லோயரும் ஹையரும் பாஸ். யளனக என்ற முதல் பாடத்தில் ஆரம்பித்த விரல் அது. பிறகு பெங்களூருக்கு வந்து ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் ஆங்கில ஸ்டெனோவாக ஓய்வுபெறும்வரை காலம் தள்ளினேன். ஆனால் விரல் மறக்கவில்லை. கணினி வந்தபோது, பழைய தட்டச்சு இயந்திரத்தின் விசை அமைப்பிலேயே செய்த ஒரு எழுத்துருவைக் கண்டுபிடித்துப் போட்டுக்கொண்டேன். இப்போது எல்லாரும் பயன்படுத்துவது யூனிகோடு. என்னுடையது அதற்கு முந்தியது. கணினியின் கண்ணுக்கு நான் அடிப்பதெல்லாம் வெறும் ஆங்கில எழுத்துதான். அந்த எழுத்துரு இருந்தால் அவை தமிழாகத் தெரியும். இல்லாவிட்டால், பூனை விசைப்பலகைமேல் நடந்ததுபோலத் தெரியும்.

இந்த எழுத்துருவில் நான் அடித்துக்கொண்டிருந்தது என் எழுத்து அல்ல. என் மனைவியின் நாவல்.

அவள் மாநகராட்சிப் பிரசவ ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள். ஓய்வுபெற்ற பிறகு எழுத உட்காரலாம் என்று வைத்திருந்தாள். அதற்குள் கண் போக ஆரம்பித்தது. நடுப்பார்வை இல்லை, ஓரப்பார்வை மட்டும் இருக்கிறது. என்னைப் பார்த்தால் மூக்கு தெரியாதாம், இரண்டு காதும் தெரியுமாம். "அதுவே போதும்" என்பாள். ஆகவே அவள் சொல்ல, நான் அடித்தேன். ஒக்கலிபுரத்தில் ரயில் நிலையத்துக்குப் பின்னால் மெஸ் நடத்தும் ஒருத்தியின் கதை. என் மனைவி பிறந்து வளர்ந்த இடம் அது. இருபத்தாறு அத்தியாயம் முடிந்திருந்தது. காகிதத்தில் ஒரு வரி கிடையாது. எல்லாம் அந்த டக் டக் பெட்டிக்குள்.

கோப்புகளின் பெயரில் அந்த எழுத்துரு ஏறாது. அதனால் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் மட்டும் வைத்திருந்தேன். வேறு எந்த மனிதனாவது எண்ணைப் பார்த்தால் இது ஒழுங்காக வரிசைப்படுத்தி வைத்த காரியம், யாரோ உட்கார்ந்து செய்தது என்று நினைப்பான். நினைக்க வேண்டும்.

"எல்லாம் ஆட்டோமேட்டிக்கா கிளவுட்ல ஏறிடும்பா, பயப்படாதீங்க" என்று மகன் எப்போதோ ஏதோ செய்துவிட்டுப் போயிருந்தான். சத்தம் வந்த பிறகு திறந்து பார்த்தேன். ஏறியிருந்தவை புகைப்படங்கள். பேரனின் பிறந்தநாள் கேக் மட்டும் பல கோணங்களில் இருந்தது. நாவல் இருந்த டி டிரைவை யாரும் அதற்குச் சொல்லித் தரவில்லை. ஆட்டோமேட்டிக் என்ற சொல்லை இந்த வீட்டில் இனி யாரும் உச்சரிக்கக் கூடாது என்று அன்றைக்கே சொல்லிவிட்டேன்.

சத்தம் போட்ட அந்த டிஸ்க்கை மாற்ற, மகனே சிவாஜி நகர் பக்கம் ஒரு கடையைத் தேர்ந்தெடுத்தான். எப்படித் தேர்ந்தெடுத்தாய் என்று கேட்டேன். நாலரை ஸ்டாராம். ஜோகுபாளையத்திலிருந்து ஆட்டோ பிடித்துப் போனேன். படியிறங்கிப் போகும் நிலவறைக் கடை. கடைக்காரர் நாற்பது வயதுக்காரர், நெற்றியில் ஒரு சின்ன விளக்கைக் கட்டிக்கொண்டிருந்தார். பெட்டியைக் காதில் வைத்துக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"யஜமான்ரே, இது கடைசி மூச்சு. எஸ்.எஸ்.டி.ன்னு புது டிஸ்க் இருக்கு, அதைப் போட்டுடலாம். ராக்கெட் மாதிரி ஓடும்."

"எனக்கு ராக்கெட் வேண்டாம். உள்ளே இருக்கிறது அப்படியே வேணும்."

"சிந்தே பண்ணாதீங்க, கவலையே வேண்டாம். எல்லா டேட்டாவும் வரும். போன் நம்பர்?"

என் நம்பரைச் சொன்னேன். அவர் தன் கணினியைப் பார்த்துவிட்டு, "ஏற்கெனவே உங்க சன் நம்பர் புக்கிங்ல இருக்கு, அது போதும்" என்றார். எனக்கு ஒரு போன் இருக்கிறது, அதை எடுத்துப் பேச ஒரு வாயும் இருக்கிறது. எழுபது தாண்டியவனுக்கு நம்பர் தேவையில்லை என்று இந்த ஊரில் எல்லாரும் முடிவு செய்துவிட்டார்கள்.

மூன்றாம் நாள் லேப்டாப் திரும்பி வந்தது. முதலில் அதைத் திருப்பிப் பார்த்தேன். அடியில் பதினோரு திருகாணி இருந்த இடத்தில் ஒன்பது இருந்தது. போன் செய்து கேட்டேன்.

"அது ரெண்டும் எக்ஸ்ட்ரா சார். அவசியம் இல்ல."

"செஞ்ச கம்பெனிக்காரன் என்ன முட்டாளா, அவசியம் இல்லாம ரெண்டு ஓட்டை போட?"

"ஓடுதா இல்லையா பாருங்க சார்."

ஓடியது. ராக்கெட் மாதிரிதான் ஓடியது. புகைப்படங்கள் இருந்தன. பாஸ்புக் நகல், ஆதார் நகல், பக்திப் பாட்டு எல்லாம் இருந்தன. டி டிரைவில் எண் போட்ட கோப்புகள் இருந்த ஃபோல்டர் மட்டும் இல்லை. மூன்று தடவை தேடினேன். மறுபடி போன்.

"அதுவா? அது ஜங்க் சார். டிஸ்க் பூரா பேட் செக்டர், மொத்தமா நகல் எடுக்க முடியல. ஃபைல் ஃபைலா எடுக்க வேண்டியதா போச்சு. திறந்து பார்த்தேன், எல்லாம் கரப்ட். உங்க சன்னுக்கு போட்டோ அனுப்பிக் கேட்டேன். விட்டுடலாமான்னதுக்கு ஓகேன்னார்."

"யாரு விட்டுடச் சொன்னது?"

"உங்க சன், சார்."

என் மனைவி சமையலறையில் இருந்தாள். அவள் கண் போனதே தவிரக் காது போகவில்லை. வெளியே வந்து நாற்காலியைத் தடவி உட்கார்ந்தாள். மகனைக் கூப்பிட்டு, "வா" என்றேன். "எதுக்குப்பா?" என்றான். "வா."

மறுநாள் சனிக்கிழமை. ஒயிட்ஃபீல்டிலிருந்து காலையிலேயே வந்துவிட்டான். அவனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கணினிதான் அவன் பிழைப்பு. தமிழ் நன்றாகப் பேசுவான். ஆனால் படிக்க வராது. பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம், கன்னடம், இந்தி என்று மூன்று மொழி படித்தான், வீட்டில் பேசுவது அந்த மூன்றில் இல்லை. பேருந்துப் பலகையைக் கன்னடத்தில் படிப்பான். அவன் அம்மா எழுதியதில் ஒரு வரி படிக்க மாட்டான். எங்கள் தெருவில் இப்படிப் பிள்ளைகள் வீட்டுக்கு வீடு உண்டு. அதனால் என் எரிச்சல் ஒன்றும் குறைவதில்லை.

"அப்பா, நீங்களே பாருங்க" என்று போனை நீட்டினான். "இதை யார் பார்த்தாலும் ஜங்க்னுதான் சொல்வாங்க. நான் மீட்டிங்ல இருந்தேன். ஓகேன்னு போட்டேன்."

போனில் ஒரு புகைப்படம். கடைக்காரர் திறந்து வைத்த முதல் கோப்பின் முதல் பக்கம். வரி வரியாக ஆங்கில எழுத்து, நடுவில் செமிகோலன், அடைப்புக்குறி, பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் கலந்த குப்பை. நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டேன். முதல் சொல்லைப் பார்த்ததும் என் வலது கை மடிமேல் தானாக அசைந்தது.

"எம், கே, செமிகோலன், கே, எச்" என்றேன்.

"அதான்பா, ஜங்க்."

"அம்மா."

"என்ன?"

"உன் அம்மாவைக் கூப்பிடலடா. அதுல அப்படி எழுதியிருக்கு. எம் விசையில அ. கே விசையில ம. செமிகோலன் புள்ளி. எச் துணைக்கால். அம்மா." விரலை மடியில் தட்டிக்கொண்டே அடுத்த சொல்லுக்குப் போனேன். ஒவ்வொரு ஆங்கில எழுத்துக்கும் எந்த விரல் போகிறதோ அந்த விரலுக்குத் தெரிந்த தமிழைச் சொன்னேன். "அம்மா... சொன்னது... பொய்... என்று..."

"அவளுக்கு ரயில் வந்த பிறகுதான் தெரிந்தது" என்று நாற்காலியிலிருந்து என் மனைவி முடித்தாள்.

அந்தப் பக்கம் மூன்று பத்தி. முழுவதும் படித்தேன். நடுவில் நான் தடுமாறிய இடத்தில் அவள் எடுத்துக் கொடுத்தாள். மகன் போனைப் பிடித்தபடியே நின்றான்.

"நீ படிக்கத் தெரியாதவன், சரி" என்றேன். "தெரியாதவன் ஏண்டா ஓகே போடணும்? தெரியலைன்னு போடத் தெரியாதா?"

"அப்பா, நீங்கதானே என்னை அந்த ஸ்கூல்ல போட்டீங்க?"

"ஸ்கூல்ல போட்டேன். உன் அம்மாவைக் குப்பைத் தொட்டியில போடச் சொன்னேனா?"

"சண்டையை ஆட்டோல போடுங்க ரெண்டு பேரும்" என்றாள் என் மனைவி. "பழைய டிஸ்க்கை அவன் என்ன பண்ணானோ. போய்ப் பாருங்க."

ஆட்டோவில் அல்சூரைத் தாண்டும்போது அவன் என்னவோ ஆரம்பித்தான். நான் வெளியே பார்த்துக்கொண்டேன்.

கடையில் பழைய டிஸ்க்குகளைப் போட ஒரு காலி பெயின்ட் வாளி வைத்திருந்தார்கள். வாடிக்கையாளர் கேட்காவிட்டால் பழைய டிஸ்க் அந்த வாளிக்குப் போய்விடும், நிரம்பியதும் பழைய சாமான்காரன் வந்து அள்ளிக்கொண்டு போவானாம். யார் யாரோ வாழ்ந்த வாழ்க்கை, ஒன்றின்மேல் ஒன்று, உருளைக்கிழங்கு மாதிரி. கடைக்காரர் கையை விட்டுத் துழாவினார். ஒவ்வொன்றையும் எடுத்து மேஜைமேல் டணார் டணாரென்று வைத்தார்.

"மெதுவா வையுங்க!" என்று கத்தினேன்.

"சார், இது செத்த டிஸ்க் சார்."

"அதுல எது செத்தது, எது உயிரோட இருக்குன்னு உமக்குத் தெரியுமா? உயிரோட இருந்ததையே ஜங்க்னு சொன்னவர் நீர்!"

பக்கத்தில் போனுக்குக் கண்ணாடி ஒட்ட வந்திருந்த பெண் தள்ளி நின்றுகொண்டாள். பன்னிரண்டாவதாக வந்தது என்னுடையது. பச்சை மார்க்கரில் எங்கள் வேலை எண் இருந்தது. கடைக்காரர் அதை ஒரு கேபிளில் மாட்டினார். டக். இடைவெளி. டக், டக். அந்தச் சத்தத்தைக் கேட்டு இப்படி நிம்மதி அடைவேன் என்று நான் நினைத்ததில்லை.

அவர் இப்போது சிரிக்கவில்லை. "ஃபாண்ட் விஷயம்னு யாரும் சொல்லலியே சார். தமிழ்னு தெரிஞ்சிருந்தா விட்டிருப்பேனா? என் சம்சாரமே தமிழ்தான்" என்றார். பிறகு, "யஜமான்ரே, நிஜமா சொல்றேன். இது எப்ப வேணா நின்னுடும். ஒண்ணு ஒண்ணா இழுக்கணும். எது முக்கியம், அதை முதல்ல சொல்லுங்க."

இப்படி ஒரு கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை. எல்லாவற்றையும் எண்ணி வைக்கிற எனக்கு எதை முதலில் எடுப்பது என்று சொல்லத் தெரியவில்லை. மகன் போனை எடுத்து அம்மாவைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டான். நான் விஷயத்தைச் சொன்னேன்.

"கடைசியிலேருந்து வாங்க" என்றாள். "இருபத்தாறு, இருபத்தஞ்சுன்னு. முன்னாடி சொன்னதெல்லாம் எனக்கு அப்படியே இருக்கு. இப்ப சொன்னதுதான் நிக்கமாட்டேங்குது."

"சரியா யோசிச்சியா?"

"இதுல யோசிக்க என்ன இருக்கு? காலையில என்ன குழம்பு வெச்சேன்னே எனக்குத் தெரியல."

இருபத்தாறிலிருந்து ஆரம்பித்தோம். ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு பச்சைக் கோடு ஊர்ந்தது. சிலது உடனே வந்தது. சிலது பாதியில் நின்று, டக் டக் என்று அடித்துக்கொண்டு, கடைக்காரர் கையை உதறும் நேரத்தில் வந்தது. வந்தது வந்ததாக மகன் தன் பென் டிரைவில் ஒரு நகலும், தன் லேப்டாப்பில் ஒரு நகலுமாக ஏற்றினான். நான் எண்ணினேன். பதினைந்தில் டிஸ்க் மாட்டிக்கொண்டது. கோடு நகரவே இல்லை. பத்து நிமிஷம் பார்த்துவிட்டுக் கடைக்காரர், "இதை ஸ்கிப் பண்ணலாம் சார். இதைப் பிடிச்சுக்கிட்டிருந்தா மத்ததும் போயிடும்" என்றார். மகன் என்னைப் பார்த்தான். முதல் தடவையாக எதையும் சொல்லாமல் என் பதிலுக்குக் காத்திருந்தான். தாண்டச் சொன்னேன். பதினான்கு வந்தது. அப்படியே மூன்று வரை வந்தது. இரண்டாவதில் டிஸ்க் ஒருமுறை உள்ளே சுரண்டியது, பிறகு சத்தமே இல்லை. டக் என்றுகூடச் சொல்லவில்லை.

இருபத்து மூன்று வந்திருந்தன. "நல்ல ரிசல்ட் சார்" என்றார் கடைக்காரர். அவர் அதைப் பாராட்டாகச் சொன்னாரா, ஆறுதலாகச் சொன்னாரா என்று எனக்குக் கவலையில்லை. மூன்று அத்தியாயத்தைத் தொலைத்துவிட்டு நல்ல ரிசல்ட் என்று சொல்கிற வாயை நான் இன்னும் மன்னிக்கவில்லை. செத்த டிஸ்க்கைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். வாளிக்குள் அதை மறுபடி போக விட மாட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் மகன் எழுத்துருவைத் தேடிப் பிடித்து ஏற்றினான். குப்பை ஒரு நொடியில் தமிழாயிற்று. எல்லாவற்றையும் யூனிகோடுக்கு மாற்றித் தருகிறேன் என்றும் சொன்னான். மாற்றியபின் நான் வரி வரியாகச் சரிபார்ப்பேன், அதுவரை பழையது இருக்கும் என்று சொன்னேன். "சரிப்பா" என்றான். "கதையில அந்த மெஸ்ஸு நடத்தற அம்மா யாரும்மா? பாட்டியா?" என்று அவளிடம் கேட்டான். "யாரா இருந்தா என்ன, நீயில்ல. பயப்படாதே" என்றாள்.

முதல் இரண்டு அத்தியாயத்தையும் அவள் சொன்னபடியே திரும்பச் சொன்னாள். முதல் பக்கத்துக்கு அந்தப் புகைப்படம் இருந்தது, ஒப்பிட்டுப் பார்த்தேன். ஒரே ஒரு சொல்தான் மாறியிருந்தது. அந்த மட்டில் என் கோபம் கொஞ்சம் அடங்கியது.

பதினைந்துதான் தகராறு. பழைய பதினைந்தில், மெஸ் நடத்துகிறவளின் நாத்தனார் அவளோடு பெரிய சண்டை போடுவாள். வாயாடி, ஆனால் அந்த வீட்டில் உண்மை பேசுகிற ஒரே ஆள். சண்டை முடிந்ததும் டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கோலார் வண்டி ஏறிப் போய்விடுவாள். எனக்கு அந்தக் கதையிலேயே பிடித்தவள் அவள்தான். இப்போது என் மனைவி சொல்ல ஆரம்பித்தாள். சண்டை வந்தது. பிறகு நாத்தனாருக்குக் காய்ச்சல் வந்தது. மூன்று வரி கழித்து அவள் சமையலறைத் தரையில் கிடந்தாள். நான் விரலை எடுத்துவிட்டேன்.

"நிறுத்து. அவ சாகல. பெட்டியோட கோலார் வண்டி ஏறினா."

"அப்ப ஏறினா."

"இருபத்திரண்டுல அவகிட்டேயிருந்து கடுதாசி வருதே!"

"அதை எடுத்துடுங்க."

"எடுத்துடறதா? பெயின்ட் வாளியிலேருந்து மீட்டுக்கிட்டு வந்திருக்கேன் அதை!"

"வாளியிலேருந்து வந்தா என்ன, வானத்திலேருந்து வந்தா என்ன? செத்தவ கடுதாசி போடுவாளா?"

"ஏன் சாகடிக்கணும்? நல்லாத்தானே இருந்தா?"

அவள் என் காது இருக்கும் பக்கமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முதல் தடவை சொன்னப்ப, எங்கயாவது போய் நல்லா இருக்கட்டும்னு தோணுச்சு. இப்பத் தோணல. பதினஞ்சுல என்ன சொன்னேன்னு எனக்கு வார்த்தை வார்த்தையா தெரியல. தெரியாததை அப்படியே சொன்ன மாதிரி சொல்லமாட்டேன். இப்ப வர்றதுதான் வரும். என் கதைதானே, அடிங்க."

அவள் சொல்வதில் நியாயம் இருக்கலாம். எனக்கு அது வேண்டாம். பதினைந்தாம் கோப்பு மட்டும் வந்திருந்தால் அந்தப் பெண் இன்று கோலாரில் உயிரோடு இருப்பாள். படிக்கத் தெரியாத இரண்டு பேர், ஆளுக்கு ஒரு விரலால், ஒரு காலைப்பொழுதில் முடித்த வேலை இது. ஒருவன் நாலரை ஸ்டார். இன்னொருவன் என் மகன்.

அடித்தேன். நாத்தனாரின் சாவு ஒன்றரைப் பக்கம் வந்தது. நன்றாகவே வந்தது, அதுதான் இன்னும் எரிச்சல். பிறகு இருபத்திரண்டைத் திறந்து, அந்தக் கடிதத்தைத் தேடிப் பிடித்து முழுவதும் தேர்ந்தெடுத்தேன். பதினோரு வரி. ஒருமுறை மனசுக்குள் படித்துவிட்டு டெலீட் விசையை அழுத்தினேன்.

"போயிடுச்சா?" என்றாள்.

"போயிடுச்சு."

"அதுக்கு முன்னாடி வரி என்ன, படிங்க. அங்கேருந்து சொல்றேன்."